எவரையும் சுருட்டாத பந்துவீச்சு

1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை இலங்கை வென்ற கதையை எழுதியவர்களில் பெரும்பாலோர் துடுப்பாட்டத்தின் கதையையே எழுதினர். முதல் பதினைந்து ஓவர்களில் சனத் ஜயசூரியவும் ரொமேஷ் களுவிதாரணவும் காட்டிய ஆவேசம், இறுதியாட்டத்தில் அரவிந்த டி சில்வா பெற்ற 107 ஓட்டங்கள், அர்ஜுன ரணதுங்கவின் அசையாத நிதானம் ஆகியவை பலமுறை சொல்லப்பட்டுவிட்டன. பந்துவீசியவர்களுக்கு அந்தக் கதையில் கிடைத்தது ஓரிரு வரிகள்தான். அதற்குக் காரணமும் இருந்தது. அந்தத் தொடரில் அதிக விக்கெட்டுகளைச் சாய்த்தவர் இந்தியாவின் அனில் கும்ப்ளே. அவர் பெற்றவை 15. அவரை நெருங்கக்கூடிய இடத்தில் இலங்கையர் எவரும் இல்லை.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். இலங்கை அணி அந்தத் தொடரில் களமிறங்கி விளையாடியவை ஆறு ஆட்டங்கள். அவற்றுள் ஒன்றிலேனும் எதிரணியின் பத்து விக்கெட்டுகளையும் அது வீழ்த்தவில்லை. சிம்பாப்வே 6 விக்கெட்டுக்கு 228, இந்தியா டெல்லியில் 3 விக்கெட்டுக்கு 271, கென்யா 7 விக்கெட்டுக்கு 254, இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 235, மறுபடியும் இந்தியா கல்கத்தாவில் 8 விக்கெட்டுக்கு 120, அவுஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 241. விழுத்தியிருக்கக்கூடிய அறுபது விக்கெட்டுகளில் விழுந்தவை 39. எவரையும் சுருட்டாமலேயே ஓர் அணி உலகச் சம்பியனானது.

இந்தக் கணக்கை மீண்டும் எடுத்துப் பார்க்கத் தூண்டியவன் ஸ்காபரோவில் வாழும் என் தமக்கையின் மகன். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டைவிட பேஸ்போல் நெருக்கமானது. அந்த விளையாட்டில் ஒவ்வோர் அணியும் வழமையான பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. ஆரம்பப் பந்தெறிவாளர்கள் ஐவர் முறை வைத்துப் பந்தெறிவார்கள். பருவம் முடிந்து வெளியேற்றச் சுற்று தொடங்குமுன், இந்த ஐவரில் எவரை நம்புவது, எவரை ஓரத்தில் இருத்துவது என்று ஊரெல்லாம் விவாதம் நடக்குமாம். "மாமா, 1996இல் லீக் சுற்று முடிந்ததும் நீங்கள் இப்படி ஒரு கணக்குப் பார்த்திருந்தால், யாருக்கு எத்தனை புள்ளி கொடுத்திருப்பீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்டான். நல்ல கேள்வி. இவ்வகைக் கேள்விகளுக்குப் பழைய பத்திரிகைக்காரன் மயங்கிவிடுவான்.

அந்த லீக் சுற்றே குறைபட்டது. 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கியை விடுதலைப் புலிகளின் வெடிமருந்து லொறி தகர்த்தது. ஏறத்தாழத் தொண்ணூறு பேர் மாண்டனர். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்தன. இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து பெப்ரவரி 13ஆம் திகதி கொழும்பில் ஆடிக் காட்டியும் அந்த இரு அணிகளின் மனம் மாறவில்லை. இலங்கைக்கு ஆடாமலேயே இரண்டு வெற்றிகள் கிடைத்தன. பந்துவீச்சாளருக்கோ ஐந்து ஆட்டங்களில் கிடைக்கவேண்டிய பயிற்சி மூன்றாகச் சுருங்கியது.

அந்த மூன்று ஆட்டங்களின் கணக்கு இது. 150 ஓவர்கள். கொடுத்தவை 753 ஓட்டங்கள். எடுத்தவை 16 விக்கெட்டுகள். உதிரி ஓட்டங்களையும் ரன் அவுட்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விக்கெட்டுக்கு 47 ஓட்டங்கள், ஓர் ஓவருக்கு ஐந்துக்குச் சற்று மேல். அந்தக் காலத்து ஒருநாள் ஆட்டத்துக்கு இது மோசமான எண்ணிக்கை. டெல்லியில் டெண்டுல்கர் 137 ஓட்டங்கள் குவித்தார். அவரையும் பந்துவீச்சாளர் எவரும் வீழ்த்தவில்லை, ரன் அவுட்டாகித்தான் போனார். கண்டியில் இலங்கை 398 ஓட்டங்கள் என்ற உலக சாதனையைப் படைத்த பின்னரும் கென்யா 254 வரை வந்தது. வெல்லும் நோக்கமற்ற துரத்தல் என்பதனால் அதனைப் பெரிதாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனாலும் மார்ச் 6ஆம் திகதி இரவு எவரேனும் புள்ளியிட அமர்ந்திருந்தால், துடுப்பாட்டத்துக்குப் பத்துக்கு ஒன்பதும் பந்துவீச்சுக்கு மூன்றும் கொடுத்து எழுந்திருப்பார்.

அன்றிருந்த நிலையில் ஆள் ஆளாகப் பார்ப்போம்.

சமிந்த வாஸ், வயது 22. அந்த அணியின் ஒரே முழுமையான ஆரம்பப் பந்துவீச்சாளர் இவர்தான். இடக்கை வேகம், வலக்கைக்காரருக்கு உள்ளே வளையும் பந்து. ஓராண்டுக்கு முன்னர், 1995 மார்ச்சில், நியூசிலாந்தின் நேப்பியரில் இரு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்து, வெளிநாட்டு மண்ணில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றுக்கொடுத்தவர். உபகண்டத்தின் வறண்ட ஆடுகளங்களில் அதே வளைவு கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், ரணதுங்கவுக்கும் தெரியும். எனவே அவரிடம் கேட்கப்பட்டது சிறிய பணி: தொடக்கத்தில் ஒரு விக்கெட், மிஞ்சினால் இறுதியில் சில ஓவர்கள்.

மறுமுனையில் பிரமோதய விக்கிரமசிங்க அல்லது ரவீந்திர புஷ்பகுமார. விக்கிரமசிங்க உள்ளூர்ப் போட்டியொன்றில் ஒரே இன்னிங்ஸின் பத்து விக்கெட்டுகளையும் எடுத்தவர் என்பது இன்று பலருக்கு நினைவில்லை. புஷ்பகுமாரவிடம் வேகம் இருந்தது, கட்டுப்பாடு இல்லை. டெல்லியில் அதற்கான விலையை அணி கொடுத்தது. உண்மையைச் சொன்னால், அந்த இடம் தொடர் முழுவதும் நிரம்பவேயில்லை.

குமார் தர்மசேன சுழற்பந்தை வேகமாக, தட்டையாக வீசுவார். பார்ப்பதற்கு எந்தக் கவர்ச்சியும் இல்லை. பிற்காலத்தில் நடுவராகி 2015, 2019 உலகக் கிண்ண இறுதியாட்டங்களில் நின்றதால்தான் இளந்தலைமுறைக்கு அவர் முகம் தெரிந்தது.

அடுத்தவர் முத்தையா முரளிதரன், வயது 23. அவருக்குப் புள்ளியிடுவதற்குமுன் அவர் எந்த நிலையில் அங்கே வந்து நின்றார் என்பதைப் பார்க்கவேண்டும். 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழுமுறை அவரது பந்தை 'நோ போல்' என்றார். ஜனவரி 5ஆம் திகதி பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் அதனையே மறுபடியும் செய்தார். எறிகிறான் என்ற பட்டம் ஒருவன்மீது விழுந்தால் கிரிக்கெட் உலகில் அவன் வாழ்க்கை முடிந்தது என்பதே அதுவரையிலான வரலாறு. ஆறு வாரங்கள் கழித்து உலகக் கிண்ணம். அவரை வெளியே இருத்தியிருந்தால் எவரும் ரணதுங்கவைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ரணதுங்க இருத்தவில்லை. அந்தத் தொடரின் மிகப் பெரிய தேர்வு முடிவு அது என்பது என் கருத்து.

இவர்களோடு, பகுதிநேரம் என்று அழைக்கப்பட்ட ஜயசூரியவும் அரவிந்தவும். அக்காலச் சட்டத்தின்படி முதல் பதினைந்து ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இருவர் மட்டுமே நிற்கலாம். அந்தப் பதினைந்து முடிந்து களம் விரிந்த பின்னரே இலங்கையின் உண்மையான பந்துவீச்சு ஆரம்பமாகும். அங்கே ஆரம்பப் பந்துவீச்சாளர் என்பது பெயருக்குத்தான்.

கீரிமலையில் இருந்துகொண்டு இதனை எழுதுகையில், அந்த மார்ச் மாதத்தில் இவ்வூரில் எங்களில் எவரும் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தபோதே கீரிமலை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை மக்கள் வீடுகளைவிட்டு வெளியேறினர். நகுலேஸ்வரத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவர்கள் சுன்னாகத்திலும் மானிப்பாயிலும் யாழ்ப்பாணத்திலும் ஒண்டிக்கொண்டனர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அவர்களும் இரண்டாம் முறையாக இடம்பெயர்ந்தனர். 1996 மார்ச்சில் குடாநாட்டு மக்களில் பெரும்பகுதியினர் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வன்னியிலும் பாடசாலைகளிலும் மரநிழல்களிலும் கிடந்தனர்.

மின்சாரம் 1990இலேயே போய்விட்டது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ கொடுக்கும் மின்சாரத்தில் வானொலி பாடும். சுற்றுபவர் களைத்தால் வர்ணனையாளரின் குரலும் களைத்துவிடும். செய்திக்காக உருவான ஏற்பாடு அது. கிரிக்கெட்டுக்காகச் சுற்றுவது ஆடம்பரம் என்று பெரியவர்கள் முறைப்பார்கள். இருந்தும் சுற்றினார்கள். யாருக்காகக் கேட்டார்கள் என்பது இலகுவில் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று. இந்தியா வெல்லவேண்டும் என்றோர் உண்டு. இலங்கையின் பெயரைக் கேட்டாலே எழுந்து போனவர்கள் உண்டு. அணி தோற்கவேண்டும், ஆனால் முரளி விக்கெட் எடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்த ஆசையைக் கேலி செய்வது எளிது. அன்று அந்தப் பாடசாலைக் கட்டடங்களில் கிடந்தவர்களுக்கு அது முரண்பாடாகத் தெரியவில்லை.

லீக் சுற்று முடிந்தபின் வந்த மூன்று ஆட்டங்களுக்கு வருவோம்.

பைசலாபாத்தில் இங்கிலாந்து 235 ஓட்டங்களோடு நின்றது. ஜயசூரிய 44 பந்துகளில் 82 ஓட்டங்கள் விளாசியதால் அந்த 235 சிறிய எண்ணிக்கையாகத் தோன்றியது. கல்கத்தாவில் இந்தியா 252 ஓட்டங்களைத் துரத்தியது. ஒரு விக்கெட்டுக்கு 98. டெண்டுல்கர் 65. ஜயசூரியவின் பந்தில் களுவிதாரண அவரை ஸ்டம்ப் செய்தார். அதன்பின் 22 ஓட்டங்களுக்குள் ஏழு விக்கெட்டுகள் சரிந்து 120க்கு எட்டானது. ரசிகர்கள் போத்தல்களை எறிந்து தீமூட்டியதால் ஆட்டம் 35ஆவது ஓவரில் நின்று, இலங்கைக்கு வழங்கப்பட்டது. பகுதிநேரப் பந்துவீச்சாளர் ஜயசூரியவின் கணக்கு: 7 ஓவர், 12 ஓட்டம், 3 விக்கெட்.

மார்ச் 17, லாகூர். நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க முதலில் பந்துவீசத் தீர்மானித்தார். அதற்கு முந்தைய ஐந்து உலகக் கிண்ண இறுதியாட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. எதிரணியைச் சுருட்ட வல்லமையற்ற பந்துவீச்சை நம்பி எடுக்கும் முடிவா இது என்று அன்று பலர் கேட்டனர். ரணதுங்கவின் கணக்கு வேறு. பத்து விக்கெட் அவருக்குத் தேவைப்படவில்லை. அவுஸ்திரேலியாவை 250க்குள் நிறுத்தினால் போதும்.

மார்க் டெய்லரும் ரிக்கி பொண்டிங்கும் நின்றபோது ஒரு விக்கெட்டுக்கு 137. முந்நூறை நோக்கிய ஓட்டம் அது. வாஸும் விக்கிரமசிங்கவும் சேர்ந்து 13 ஓவர்களில் 68 ஓட்டங்கள் கொடுத்தனர். மார்க் வோவின் விக்கெட் வாஸுக்கு. எஞ்சிய 37 ஓவர்களையும் சுழற்பந்து வீசிய நால்வர் பகிர்ந்தனர்: முரளி 10, தர்மசேன 10, அரவிந்த 9, ஜயசூரிய 8. நால்வரும் சேர்ந்து கொடுத்தது 163. எடுத்தது ஆறு விக்கெட். 137க்கு ஒன்று என்றிருந்தது 170க்கு ஐந்தாயிற்று. அரவிந்த டெய்லரையும் பொண்டிங்கையும் ஹீலியையும் வீழ்த்தி 42 ஓட்டங்களுக்கு மூன்று என்று முடித்தார். அவரது சதத்தின் வெளிச்சத்தில் இது மறைந்துவிட்டது. முரளியின் கணக்கு இன்னும் மறைந்தது: 10 ஓவர், 31 ஓட்டம், 1 விக்கெட். ஒரே விக்கெட், அதுவும் ஷேன் வோர்ன் இரண்டு ஓட்டத்தில். பட்டியலில் கண் தங்காத வரி. அந்த ஆட்டத்தில் பத்து ஓவர்களை முழுமையாக வீசியவர்களில், இரு அணிகளிலும், அவரைவிடக் குறைவாக ஓட்டம் கொடுத்தவர் எவருமில்லை.

இப்போது இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். லீக் சுற்றில் விக்கெட்டுக்கு 47 ஓட்டங்கள், ஓவருக்கு 5.02. வெளியேற்றச் சுற்றின் மூன்று ஆட்டங்களில் 596 ஓட்டங்களுக்கு 23 விக்கெட்டுகள்: விக்கெட்டுக்கு 26க்குச் சற்றுக் குறைவு, ஓவருக்கு 4.44. ஆட்கள் அவர்களே. மூன்றே ஆட்டங்களைக் கொண்டு ஒருவருக்குப் புள்ளியிடுவது சரிவராது என்பது ஒரு விளக்கம். எதிரணிகள் பெரிதான பின்னரும் எண்ணிக்கை இறங்கியது என்பதால் அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. லீக் சுற்றில் ரணதுங்க சுழற்பந்தைச் சேமித்துப் பயன்படுத்தினார், பைசலாபாத்துக்குப் பின் அதன்மேலேயே முழுப் பாரத்தையும் ஏற்றினார் என்றே நான் வாசிக்கிறேன்.

என் மருமகன் இதனைக் கேட்டுவிட்டு, பேஸ்போலிலும் இந்தத் தகராறு பழையது என்றான். ஆரம்பப் பந்தெறிவாளரை அவர் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கையால் அளப்பதே அங்கு நெடுங்கால வழக்கம். நியூயோர்க் மெற்ஸ் அணியின் ஜேக்கப் டிகுரொம் 2018இல் பத்து ஆட்டங்களில் மட்டுமே வென்றார், ஒன்பதில் தோற்றார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்ததோ சராசரியாக 1.70 ஓட்டங்கள். அவரது அணி அவருக்காக ஓட்டம் எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆண்டின் சிறந்த பந்தெறிவாளருக்கான சை யங் விருது அவருக்கே போயிற்று. முரளியின் 31க்கு ஒன்றை அந்த ஊர்க் கணக்கர்கள் பார்த்திருந்தால் தவறவிட்டிருக்கமாட்டார்கள்.

வாஸும் முரளியும் பிற்பாடு என்ன ஆனார்கள் என்பது உலகறிந்தது. வாஸ் டெஸ்டில் 355, ஒருநாள் ஆட்டங்களில் 400. முரளி 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு விடைபெற்றார். 2001 டிசம்பரில் சிம்பாப்வேயை 38 ஓட்டங்களுக்குச் சுருட்டியபோது முதல் எட்டு விக்கெட் வாஸுக்கு, கடைசி இரண்டு முரளிக்கு. 1996இல் எவரையும் சுருட்ட முடியாதிருந்த அதே இருவர்.

குடாநாட்டிலிருந்து ஒருவன் அந்த வரிசையை எட்டிப் பார்க்க மேலும் காலம் பிடித்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த், சுழற்பந்து வீச்சாளர், 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக அறிமுகமானார். 2024 மே 8ஆம் திகதி ஹைதராபாத்தில் தமது முதலாவது ஐபிஎல் ஆட்டத்தை ஆடினார். அன்று ஹைதராபாத் அணி 166 என்ற இலக்கைப் பத்து ஓவர்கூட ஆகாமல், விக்கெட் இழப்பின்றி எட்டியதால் மறுநாள் செய்தியெல்லாம் துடுப்பாட்டக்காரர்களைப் பற்றியதே. வியாஸ்காந்தின் வரி கீழே எங்கோ இருந்தது: 4 ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை. எதிரணி ஓவருக்கு எட்டுக்கு மேல் ஓட்டம் பெற்ற ஆட்டத்தில் அவர் கொடுத்தது ஏழுக்கும் குறைவு.