கசிவா, அடைப்பா? பழைய காரின் ஏசியும் இரண்டு கோளாறுகளும்

கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்துக்குள் கப்பல் நுழைய வேண்டுமானால் கார்டன் ரீச் பக்கம் போகும் சாலைப் பாலத்தைத் தூக்கியாக வேண்டும். அதுவரை வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். கோடைப் புழுக்கத்தில் அந்த வரிசையில் நிற்கும் பழைய அம்பாசடரின் ஏசி கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிவிடும். பாலம் இறங்கி வண்டி ஓடத் தொடங்கியதும் மறுபடி குளிரும். இன்னொரு வண்டியிலோ நின்றாலும் ஓடினாலும் குளிரே இருக்காது. இரண்டு வண்டிக்காரரும் ஒர்க்ஷாப்பில் சொல்வது ஒன்றுதான்: "கேஸ் போயிருக்கும், அடிச்சுக் குடுங்க."

முதல் வண்டிக்குக் கேஸ் தேவையில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சர், கேஸின் சூட்டை வெளிக்காற்றில் இறக்கி அதைத் திரவமாக்குகிறது. லாரிகள் கிளப்பும் தூசியும் புகைக்கரியும் அதன் தகடுகளில் அப்பிக்கொண்டால் காற்று புகாது. ஓடும்போது எதிர்க்காற்று ஓரளவு ஈடுகட்டும். நிற்கும்போது விசிறியை மட்டுமே நம்ப வேண்டும். எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் விசிறியோ, வண்டி நின்றதும் மெதுவாகிவிடும். கண்டன்சர் மேல் ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். உடனே குளிர் கூடினால் கோளாறு அங்கேதான்.

இரண்டாவது வண்டியில் கேஸ் குறைந்திருக்கலாம். ஆனால் கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் கசிந்திருக்கிறது என்றே பொருள். கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் ஆயிலும் கசியும். அதனால் ஹோஸ் இணைப்பிலோ கம்ப்ரசர் ஷாஃப்ட் பக்கமோ தூசி ஒட்டிக் கறுத்த எண்ணெய்ப்பசை தெரிந்தால், அங்கே சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஆர்-134ஏ கேஸ் உள்ள வண்டியில், 35 டிகிரி வெயிலில், தாழ்அழுத்தம் ஏறத்தாழ 25 முதல் 40 பி.எஸ்.ஐ. வரையிலும், உயர்அழுத்தம் 200 முதல் 250 வரையிலும் இருக்க வேண்டும். கசிவு என்றால் இரண்டு முள்ளும் கீழே கிடக்கும். கண்டன்சர் அடைப்பு என்றால் இரண்டும் மேலே ஏறும். உயர்அழுத்தம் 300-ஐயும் தாண்டலாம்.

மருந்தை மாற்றிக் கொடுத்தால் நோய் முற்றும். அடைத்த கண்டன்சரோடு மேலும் கேஸ் அடித்தால் அழுத்தம் இன்னும் ஏறி ஹோஸ் வெடிக்கலாம். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் அடித்தால் சில வாரக் குளிர்தான் மிச்சம். ஆயிலும் வடிந்து கடைசியில் கம்ப்ரசர் பிடித்துக்கொள்ளும். ஹூக்ளிக் கரை ஈரக்காற்று உள்ளே புகுந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டி கட்டும். அதனால் கசிவை அடைத்து, ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, அரை மணி நேரமாவது வேக்யூம் போட்டு, முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேஸ் அடிக்க வேண்டும்.

மிகப் பழைய வண்டிக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. அதன் பிறகு, பழைய ஏசிகளில் இருந்த ஆர்-12 கேஸ் படிப்படியாக விலக்கப்பட்டது. ஆர்-12-க்காகச் செய்த ஏசியில் ஆர்-134ஏ-யை அப்படியே அடிக்கக் கூடாது. பழைய மினரல் ஆயில் புதிய கேஸோடு கலந்து சுற்றி வராது. ஆயில், டிரையர், ஓ-ரிங் மூன்றையும் மாற்ற வேண்டும்.

உத்தர்பாடா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இன்று ஓடுபவை அனைத்தும் பத்து வயது தாண்டியவை. பார்த்துப் பார்த்து வைத்தியம் செய்ய வேண்டியவை. நின்றால் மட்டும் சுட்டால் கண்டன்சரையும் விசிறியையும் பாருங்கள். எப்போதுமே சுட்டால் கசிவைத் தேடுங்கள். கேஜ் மாட்டாமல் கேஸ் அடிக்க எவரையும் விடாதீர்கள்.