வேடமும் ரேகையும்

1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'திகம்பர சாமியார்', தமிழின் ஆரம்பகாலத் துப்பறியும் பேசும்படங்களில் ஒன்று. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் கதை, டி.ஆர்.சுந்தரம் இயக்கம். அப்போது எங்கள் மத்திகிரியும் சேலம் மாவட்டம்தான்.

துப்பறிவாளராக வரும் நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் மாற்றி உளவு பார்ப்பார். (வில்லனாகவே பார்த்துப் பழகிய நமக்கு அதுவே வேடிக்கை!) குற்றவாளியோ ஊர் மதிக்கும் ஒரு வக்கீல். அவர் முகத்திரையைக் கிழிக்க ஒரு முழுப்படம் தேவைப்பட்டது.

நிஜத்தில் சட்டம் யாரைச் சந்தேகித்தது? 1871இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். அதில் துப்பறிய ஒன்றுமில்லை, பிறப்பே தடயம். பதிவேட்டில் ஏறிய குறவர் கைரேகை கொடுக்க வேண்டும். அனுமதிச் சீட்டின்றி ஊர் தாண்டினால் அதுவே குற்றம். வேடம் போடுவது எங்கே, நடமாடுவதே எங்கே?

இங்கே அந்தச் சட்டம் 1947இல் ரத்தானது. மறு ஆண்டே 'வழக்கமான குற்றவாளிகள்' என்ற பெயரில் இன்னொரு சட்டம் வந்துவிட்டது. படம் வெளிவந்தபோது அது நடப்பில் இருந்தது. தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: 'சேலம் உப்புக் குறவர்' என்று நம் பழைய மாவட்டத்தின் பெயர் இன்னும் அதில் இருக்கிறது.