கருவியும் உறவும்

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது செய்த பிழையொன்றை முதலில் கூறிவிட்டுப் பிறகு வரலாற்றுக்குள் நுழைகிறேன்.

வேற்றூரிலிருந்து வந்து எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன், இடைவேளைதோறும் வேப்பமரத்தடியில் தனியே அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அது பள்ளி விதிக்குப் புறம்பு. நான் அதனை வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ‘இக்கருவியே இவனைத் தனியனாக்கிற்று’ என்பது என் தீர்ப்பு. மறுநாளும் அவன் அதே மரத்தடியில் தனியேதான் அமர்ந்திருந்தான். கையில் மட்டும் ஒன்றுமில்லை.

காரணம் எது, விளைவு எது என்று ஆராய்வதே வரலாற்றுப் பாடத்தின் உயிர். பல்லாண்டு அதனைக் கற்பித்த நான் அன்று அதனை மறந்தேன்.

புதிய கருவி தோன்றும்போதெல்லாம், அது மனிதரை மாற்றிவிடும் என்னும் அச்சமும் உடன் தோன்றுகிறது. 1876-ஆம் ஆண்டு கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் அதனை வாணிகத்துக்கும் அவசரத்துக்கும் உரிய கருவியாகவே நெடுங்காலம் கருதின. உறவினரும் நண்பரும் உரையாடி மகிழ்வதை வீண்பேச்சென்று எண்ணின. மக்களோ அதற்கே அதனைப் பயன்படுத்தினர். 1920-களின் இறுதியில்தான் நிறுவனங்கள் அவ்வுரையாடலைத் தம் விளம்பரங்களில் போற்றத் தொடங்கின. கிளாட் ஃபிஷர் என்னும் சமூகவியல் அறிஞர், கலிபோர்னியாவின் மூன்று நகரங்களை ஆராய்ந்து 1992-இல் இவ்வரலாற்றை நூலாக்கினார். தொலைபேசி மக்களின் வாழ்க்கை முறையைத் தலைகீழாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த உறவுகளையே பெரிதும் வலுப்படுத்தியது என்பது அவர் கண்ட முடிவு.

அடுத்து வந்தது இணையம். பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்து ராபர்ட் கிரவுட் என்பாரும் அவர்தம் குழுவினரும், 1995 முதல் சில குடும்பங்களுக்குக் கணினியும் இணைய இணைப்பும் அளித்து, அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். 73 குடும்பங்களைச் சேர்ந்த 169 பேரைப் பற்றிய முடிவு 1998-இல் வெளிவந்தது. இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் குடும்ப உரையாடல் சற்றுக் குறைந்தது; தனிமையுணர்வும் மனச்சோர்வும் சற்று மிகுந்தன. இச்செய்தி பெரும் கவலையை எழுப்பியது.

எனினும் அவ்வறிஞர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. முன்பு கவனித்தவர்களுள் 208 பேரை மீண்டும் ஆராய்ந்தபோது, அத்தீய விளைவுகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. வேறு 406 பேரையும் ஆராய்ந்து, 2002-இல் புதிய முடிவை வெளியிட்டனர். பிறரோடு எளிதிற் பழகுவோர்க்கும், துணையாக நிற்கும் உறவினரும் நண்பரும் உடையார்க்கும் இணையம் மேலும் நலம் சேர்த்தது. கூச்சமும் குறைந்த துணையும் உடையார்க்கு அத்தகைய நலம் கிட்டவில்லை. கருவி ஒன்றே, அதனைக் கையில் எடுத்தவர்தம் வாழ்வு வேறு. ஆதலின் விளைவும் வேறாயிற்று. முதல் முடிவைத் தாமே மறுபடி சோதித்து, திருத்தியும் உரைத்த அவர்தம் நேர்மை, மாணவராகிய உங்களுக்கு ஒரு பாடம்.

2004-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவரிடையே முகநூல் தோன்றியது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 286 மாணவர்களிடம் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், அவர்கள் அதனைப் பெரும்பாலும் முன்பே நேரில் அறிந்தவர்களுடன் தொடர்பு காக்கவே பயன்படுத்தினர் என்பது தெரிந்தது. தம்மைத் தாழ்வாக மதிக்கும் மாணவர்க்கும் அது சில அறிமுகங்களை வளர்த்துக்கொள்ள உதவக்கூடும் என்னும் குறிப்பும் அதில் உண்டு. எனவே, ‘தனித்திருப்போர்க்கு இது தீங்கே’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் இயலாது.

கருவியின்மேல் குற்றமே இல்லை என்று நான் வாதிடவில்லை. உறங்கும் நேரத்தையும் படிக்கும் நேரத்தையும் அது விழுங்குவதை நாம் அறிவோம். ஆனால் ஒருவர் அதனில் மூழ்கியிருக்கக் கண்டால், ‘எத்தனை நாழிகை பார்த்தாய்?’ என்பதற்கு முன், ‘உன்னோடு பேச யார் இருக்கிறார்?’ என்று கேட்பதே முறை. அக்கேள்வியை ஆசிரியரைவிட, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் நீங்கள் கேட்பது சிறந்தது.

அந்த மாணவனிடம் நான் அதனை ஒருநாளும் கேட்கவில்லை. ஆண்டிறுதியில் அவன் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றான். அதில் கையொப்பமிட்டவன் நானே. கைப்பேசியை அவன் தந்தையிடம் திருப்பிக் கொடுத்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.