மூடிய மைதானங்கள்: டிக், கெர் மகளிர் கால்பந்து அணியும் அதன் வீராங்கனைகளும்

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷையர் பகுதியைச் சேர்ந்த பிரெஸ்டன் நகரில் 1917ஆம் ஆண்டில் தோன்றி 1965ஆம் ஆண்டு வரை ஆடிய டிக், கெர் மகளிர் அணி, கால்பந்து வரலாற்றில் பெருவெற்றி கண்ட அணிகளுள் ஒன்று. அதன் ஆட்டக் கணக்கில் 828 ஆட்டங்களும், அவற்றுள் 758 வெற்றிகளும், 46 சமநிலைகளும், 24 தோல்விகளும் பதிவாகியுள்ளன. ஒரே ஆட்டத்துக்கு 53,000 பேரைத் திரட்டிய இந்த அணியின் பெயரை அடுத்தடுத்த தலைமுறைகள் அறியாமல் போனதற்குக் காலத்தைக் குறை சொல்ல முடியாது. அந்நாட்டின் கால்பந்தை ஆளும் அமைப்பு 1921ஆம் ஆண்டு டிசம்பரில் எடுத்த முடிவே அதற்குக் காரணம். அந்த அணி எப்படி உருவாயிற்று, அதில் ஆடியவர்கள் யார், அவர்களைப் பற்றிய நினைவு எவ்வாறு அழிக்கப்பட்டது என்பவற்றை ஆராய்ந்தால், விளையாட்டு வரலாறு யாருடைய ஏடுகளைக் கொண்டு எழுதப்படுகிறது என்பதும் தெளிவாகும்.

பிரெஸ்டன் பருத்தி ஆலைகளின் நகரம், கால்பந்தின் நகரமும்கூட. 1888ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இங்கிலாந்தின் முதல் கால்பந்து லீக்கில், அதாவது அணிகள் பருவம் முழுவதும் ஒன்றோடொன்று மோதிப் புள்ளிகள் சேர்க்கும் போட்டி முறையில், அதன் முதல் பருவத்திலேயே பிரெஸ்டன் நார்த் எண்ட் என்னும் ஆண்கள் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வாகை சூடியது. அந்த வெற்றியின் பெருமை நகரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் அனைத்தையும் தழுவியிருந்தது. டிக், கெர் நிறுவனம் அதே நகரில் டிராம் வண்டிகளையும் ரயில் தளவாடங்களையும் செய்துவந்தது. 1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டபின் அது போர்த் தளவாடத் தொழிற்சாலையாக மாற்றப்பட்டு, படைக்குப் போன ஆண்களின் இடத்தில் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். நீண்ட நேரம் கடும் வேலை செய்த அவர்களுடைய உடல்நலத்தை முன்னிட்டு, ஓய்வு நேரத்தில் விளையாட்டில் ஈடுபடுவதை அக்காலத்துத் தொழிற்சாலைகள் பல ஊக்குவித்தன. ஆண்களின் லீக் ஆட்டங்கள் 1915ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டிருந்ததால், கால்பந்து பார்க்கும் வழக்கமுள்ள மக்கள் ஆட்டமின்றி இருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

உணவு இடைவேளையில் தொழிற்சாலை முற்றத்தில் தொழில் பழகும் இளைஞர்களோடு பந்து உதைத்து விளையாடியதுதான் இந்த அணியின் தொடக்கம். 1917ஆம் ஆண்டு அக்டோபரில் தொழிற்சாலையின் ஆண்கள் அணி தொடர்ந்து தோற்றுவந்ததைக் கேலி செய்த பெண்கள், கிரேஸ் சிபர்ட் என்னும் தொழிலாளியின் முன்முயற்சியில், அந்த ஆண்களையே எதிர்த்து ஆட முன்வந்தார்கள். அலுவலகச் சன்னலிலிருந்து அவர்களுடைய விளையாட்டைக் கவனித்துவந்த ஆல்ஃபிரட் ஃபிராங்க்லண்ட் என்னும் அலுவலர், அதை முறையான அணியாக்கும் பொறுப்பை ஏற்றார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, பிரெஸ்டன் நார்த் எண்டின் சொந்த மைதானமான டீப்டேலில், அருண்டெல் கூல்தர்ட் வார்ப்பாலையின் மகளிர் அணியை டிக், கெர் அணி 4-0 என்று வென்றது. அந்த முதல் ஆட்டத்துக்கே 10,000 பேர் கட்டணம் கொடுத்து வந்தார்கள். காயமுற்ற படைவீரர்களைப் பேணிய மூர் பார்க் மருத்துவமனைக்கு ஏறத்தாழ 200 பவுன் சேர்ந்தது. இவ்வாறு தர்ம காரியத்துக்குப் பணம் திரட்டுவதே அணியின் நோக்கமாகத் தொடக்கத்திலேயே நிலைபெற்றது.

போர் முடிந்ததும் பெண்களின் தொழிற்சாலை அணிகள் பல கலைந்துபோயின. டிக், கெர் அணி கலையாமல் நின்றதற்கு ஃபிராங்க்லண்டின் நிர்வாகத் திறனே முதன்மையான காரணம்; அவர் எதிரணிகளில் சிறப்பாக ஆடியவர்களை அடையாளம் கண்டு, பிரெஸ்டனில் வேலையும் தங்குமிடமும் ஏற்பாடு செய்து தம் அணிக்கு அழைத்துவந்தார். ஆலிஸ் கெல் தலைவியாக இருந்தார். ஃப்ளோரி ரெட்ஃபோர்டு நடு முன்கள வீராங்கனை. அணியிலேயே மிகக் குட்டையான ஜென்னி ஹாரிஸ், பந்தைக் காலோடு ஒட்டவைத்துத் தடுப்பாளர்களைக் கடப்பதில் வல்லவர். செயின்ட் ஹெலன்ஸ் நகரத்திலிருந்து வந்த ஆலிஸ் வுட்ஸ் ஓட்டப் பந்தயங்களிலும் பேர்பெற்றவர். அதே நகரில் 1905ஆம் ஆண்டில் பிறந்த லில்லி பார், 1920ஆம் ஆண்டில் பதின்ம வயதிலேயே அணியில் சேர்ந்து, இடது விங் எனப்படும் இடப்பக்க முன்கள நிலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆடினார். நெடிய உருவமும் ஆண்களுக்கு நிகரான உதைவலிமையும் கொண்ட அவர் அடித்த கோல்கள் தொள்ளாயிரத்தைத் தாண்டும் என்று கணக்கிடுவர். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் போட்ட சட்டை, நீல நிற அரைக்கால் சட்டை, முடியை அடக்கிவைக்கும் பட்டைத் தொப்பி ஆகியவையே அவர்களுடைய சீருடை. ஆட்டத்துக்காக இழந்த கூலிக்கு ஈடாக ஒவ்வொருவருக்கும் 10 ஷில்லிங், அதாவது அரைப் பவுன், கொடுக்கப்பட்டது. அதற்கு மேல் அவர்கள் ஆட்டத்தால் வாழ்ந்தவர்கள் அல்லர்.

1920ஆம் ஆண்டில் அணியின் புகழ் நாட்டெல்லையைக் கடந்தது. பெண்கள் விளையாட்டுக்காகப் பிரான்ஸில் பாடுபட்ட ஆலிஸ் மிலியாவின் தலைமையில் வந்த பாரிஸ் அணியை ஏப்ரல் 30 அன்று டீப்டேலில் 25,000 பேர் முன்னிலையில் 2-0 என்று வென்ற டிக், கெர் அணி, ஸ்டாக்போர்ட்டில் நடந்த அடுத்த ஆட்டத்திலும் வென்று, மான்செஸ்டரில் சமன் செய்து, லண்டனில் நடந்த கடைசி ஆட்டத்தில் 1-2 என்று தோற்றது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவர்கள் பிரான்ஸுக்குச் சென்று பாரிஸ், ரூபே, லெ ஆவ்ர், ருவான் ஆகிய நகரங்களில் ஆடினார்கள். பிரெஞ்சு வீராங்கனையும் ஈட்டி எறிதலில் தேர்ந்தவருமான கார்மென் பொமியே பின்னர் பிரெஸ்டனுக்கு வந்து இந்த அணிக்காகவே ஆடும் அளவுக்கு அந்த உறவு வளர்ந்தது.

டிசம்பர் 16 அன்று டீப்டேலில் நடந்த இரவு ஆட்டம், அந்த அணியின் துணிவுக்கும் உழைப்புக்கும் நல்ல சான்று. மைதானங்களில் மின்விளக்கு அமைப்பு இல்லாத அக்காலத்தில், பகைவரின் வான்கலங்களைத் தேடப் போரில் பயன்பட்ட இரண்டு பெரிய தேடுவிளக்குகளை இரவல் கேட்டு விண்ணப்பித்தார்கள். அப்போது போர் அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதற்கு அனுமதி கொடுத்தார். தோல்பந்து இருளில் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அதற்கு வெள்ளை பூசப்பட்டது; ஈர மண்ணில் உருண்டு பூச்சு போகப் போக, புதிதாக வெள்ளை பூசிய பந்துகளை மாற்றிக் கொடுக்கும் வேலையைப் பழைய பிரெஸ்டன் நார்த் எண்ட் வீரரான பாப் ஹோம்ஸ் ஏற்றிருந்தார். 12,000 பேர் கண்ட அந்த ஆட்டத்தின் வருவாய், போரிலிருந்து திரும்பி வேலையின்றித் தவித்த படைவீரர்களுக்குச் சென்றது.

பத்து நாள் கழித்து, டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் செயின்ட் ஹெலன்ஸ் மகளிரோடு நடந்த ஆட்டமே அணியின் உச்சம். உள்ளே 53,000 பேர் நிறைந்திருக்க, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இடமின்றி வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ரெட்ஃபோர்டு ரயிலைத் தவறவிட்டதால் முன்களம் வலுவிழந்து, முற்பாதியில் ஹாரிஸ் அடித்த ஒரே கோலுடன் அணி நின்றது; பிற்பாதியில் தலைவி கெல் தம் தடுப்பு நிலையை விட்டு முன்களத்துக்கு வந்து மூன்று கோல்கள் அடிக்க, ஆட்டம் 4-0 என்று முடிந்தது. 3,115 பவுன் திரண்டது. பெண்கள் கால்பந்தில் அந்தக் கூட்டத்தின் அளவை இங்கிலாந்து மீண்டும் காண்பதற்கு 90 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

1921ஆம் ஆண்டில் தொழிற்சாலை வேலையையும் விடாமல் செய்துகொண்டே அவர்கள் 67 ஆட்டங்கள் ஆடினார்கள். நாட்டில் மகளிர் அணிகள் ஏறத்தாழ 150 ஆகப் பெருகியிருந்தன. அந்த வளர்ச்சியே எதிர்ப்பையும் வளர்த்தது. லீக் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியிருந்த நிலையில், மக்களும் வருவாயும் வேறு பக்கம் போவதை ஆண்கள் கால்பந்தின் நிர்வாகிகள் விரும்பவில்லை. படைவீரர்களுக்காகத் திரட்டிய பணத்தை மெச்சியவர்கள், அவ்வாண்டுக் கோடையில் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தபோது தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் மகளிர் ஆட்டங்கள் நடந்ததை அதே கண்ணோடு பார்க்கவில்லை. பெண் உடல் இந்த ஆட்டத்தைத் தாங்காது என்ற மருத்துவக் கருத்தும் துணைக்கு அழைக்கப்பட்டது. அக்கருத்தைச் சொன்னவர்களுள் ஒருவர் டாக்டர் மேரி ஷார்லீப் என்பது தமிழ் வாசகர்கள் கருதிப் பார்க்கவேண்டிய செய்தி. 1875ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களுள் ஒருவரான அவர், இன்றும் சென்னை மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் திருவல்லிக்கேணி மகளிர் மருத்துவமனை தோன்றக் காரணமானவர். பெண்களால் மருத்துவம் கற்க முடியாது என்ற எண்ணத்தைத் தம் வாழ்வால் பொய்யாக்கியவரே, கால்பந்து பெண்ணுடலுக்கு ஒவ்வாதது என்று கூறினார் என்றால், அந்த எண்ணம் அக்காலத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது விளங்கும்.

1921ஆம் ஆண்டு டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்தின் கால்பந்தை நிர்வகிக்கும் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம், அதை ஊக்குவிக்கக் கூடாது என்பது அதன் முதற்பகுதி. திரட்டிய பணத்தில் பெரும்பங்கு செலவுகளுக்கே போகிறது என்ற குற்றச்சாட்டும் அதனுடன் சேர்க்கப்பட்டது. அந்தத் தீர்மானம் பெண்கள் ஆடுவதை நேரடியாகத் தடுக்கவில்லை. ஆனால், சங்கத்தில் இணைந்த கிளப்புகள் தங்கள் மைதானங்களை மகளிர் ஆட்டங்களுக்குத் தரக்கூடாது என்று பணித்தது. நாட்டின் பெரிய மைதானங்கள் அனைத்தும் அந்தக் கிளப்புகளிடமே இருந்தன. செலவைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு ஆலிஸ் கெல் வெளிப்படையாகவே மறுமொழி கூறினார்: நாட்டின் பல பகுதிகளுக்கும் போய் ஆடுவதற்காகக் கூலியை இழக்கும் வசதி உழைக்கும் பெண்களுக்கு இல்லை என்பதே அவர் வாதம். அந்த வாதத்துக்குச் சங்கம் செவிசாய்க்கவில்லை.

அணி அடங்கிவிடவில்லை. 1922ஆம் ஆண்டில் கடல் கடந்து கனடா சென்றடைந்தபோது அங்கும் ஆடத் தடை காத்திருந்ததால், அமெரிக்காவுக்குச் சென்று ஆண்கள் அணிகளோடு ஒன்பது ஆட்டங்கள் ஆடி, மூன்றில் வென்று, மூன்றில் சமன் செய்து, மூன்றில் மட்டும் தோற்றுத் திரும்பினார்கள். நிறுவனம் கைமாறி, புதிய நிர்வாகத்தோடு ஃபிராங்க்லண்டுக்கு ஏற்பட்ட பிணக்கால் 1926ஆம் ஆண்டில் அணி தொழிற்சாலையை விட்டு வெளியேறிப் பிரெஸ்டன் மகளிர் அணி என்று பெயர் மாறியது. லில்லி பார் உள்ளிட்ட வீராங்கனைகள் விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் தாதியராகப் பணியாற்றிக்கொண்டே, பூங்காக்களிலும் வெளியிடங்களிலும் தொடர்ந்து ஆடினார்கள். 1957ஆம் ஆண்டில் ஃபிராங்க்லண்ட் மறைந்தபின் கேத் லேத்தம் நிர்வாகத்தை ஏற்று நடத்தினார். போதிய வீராங்கனைகள் கிடைக்காமல் 1965ஆம் ஆண்டில் அணி கலைக்கப்பட்டது.

மைதானங்களை மூடிய முடிவு அவற்றோடு சேர்ந்த பலவற்றையும் மூடிவிட்டது. பெரிய மைதானம் இல்லையேல் பெருங்கூட்டம் இல்லை; கூட்டம் இல்லையேல் நாளேட்டில் செய்தி இல்லை; சங்கத்தின் அங்கீகாரம் இல்லாததால் ஆட்டக் குறிப்புகள் அதன் ஆவணங்களில் ஏறவும் இல்லை. ஆண்கள் அணியில் ஒருமுறை ஆடியவரின் பெயர்கூடக் கிளப்பின் பதிவேட்டில் நிலைத்திருக்க, நூற்றுக்கணக்கான கோல்கள் அடித்த பெண்ணின் பெயர் அவர் வீட்டுப் பெட்டியில் கிடந்த ஒளிப்படத்திலும் செய்தித் துணுக்கிலும் மட்டுமே தங்கியது. பிரெஸ்டனைச் சேர்ந்த கெயில் நியூஷம் முதிய வீராங்கனைகளைத் தேடிக் கண்டு, அவர்களுடைய நினைவுகளையும் பெட்டிகளில் இருந்தவற்றையும் திரட்டி 1994ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட பிறகே இவ்வரலாறு பொதுவெளிக்கு மீண்டது.

தடை 1970களின் தொடக்கத்தில் விலக்கப்பட்டது. தடை விதித்ததற்காகக் கால்பந்துச் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008ஆம் ஆண்டில்தான். 1978ஆம் ஆண்டில் மறைந்த லில்லி பார், 2002ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண்ணானார். 2019ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் உள்ள தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. ஆயினும் ஒருவருக்குச் சிலை வைத்தால் அணி முழுவதையும் நினைத்ததாகாது. கெல், ரெட்ஃபோர்டு, ஹாரிஸ், வுட்ஸ் ஆகியோரும், பெயர்கூடப் பதிவாகாமல் எதிரணிகளில் ஆடிய ஆலைத் தொழிலாளிகளும் சேர்ந்தே அந்த 53,000 பேரை மைதானத்துக்கு அழைத்துவந்தார்கள். மகளிர் கால்பந்து அண்மைக்காலத்தில் புதிதாகத் தோன்றியது என்று எழுதப்படும் ஒவ்வொரு வரலாறும் பிழையானது. அது நன்றாக வளர்ந்திருந்த நிலையில் அரை நூற்றாண்டுக் காலம் நிறுத்திவைக்கப்பட்ட ஆட்டம்.