ஒளிப்படம் கொண்டு பழ ஈக்களின் இனமறிதல்: சான்றும் எல்லையும்

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தல் போன்ற ஊர்களில் மா, கொய்யா, பாகல், பீர்க்கு ஆகியவற்றில் முட்டையிடும் பழ ஈக்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அவற்றுக்கு வைக்கும் பொறி ஒன்றல்ல. பாக்ட்ரோசெரா பேரினத்தின் டார்சாலிஸ், கரெக்டா, சோனேட்டா, கேரியே ஆகிய இனங்களின் ஆண் ஈக்கள் மெத்தில் யூஜினால் என்னும் கவர்ச்சிப்பொருளுக்கு வரும். பாகல் வகைக் காய்களைத் தாக்கும் சுகோடாகஸ் பேரினத்தின் குகுர்பிட்டே அதற்கு வராது, கியூலூர் என்னும் வேறொரு கவர்ச்சிப்பொருளுக்கே வரும். அடையாளம் பிழைத்தால் பொறி வெறுமையாகத் தொங்கும், காய் அழுகும். ஆகவே கைப்பேசியில் எடுத்த படம் எதுவரை சான்றாகும் என்பதை வரையறுப்பது அவசியம்.

பேரின அளவில் படம் பெரிதும் உதவும். குகுர்பிட்டேயின் மார்பு முதுகில் பக்கக் கோடுகள் இரண்டோடு நடுவிலும் ஒரு மஞ்சள் கோடு உண்டு. இறக்கையின் குறுக்கு நரம்புகளும் கருமை படர்ந்திருக்கும். மேற்சொன்ன நான்கு பாக்ட்ரோசெரா இனங்களுக்கும் நடுக்கோடு இல்லை. மேலிருந்து எடுத்த தெளிவான படமே இவ்வேறுபாட்டைக் காட்டிவிடும்.

இந்நான்கையும் தம்முள் பிரிக்க முதுகுப் படம் போதாது. டார்சாலிசின் இறக்கை முன்விளிம்பில் பழுப்புப் பட்டை நுனிவரை அறாமல் ஓடும். கரெக்டா, சோனேட்டா இரண்டிலும் அது இடையில் அறுந்து, நுனியில் புள்ளியாக மட்டும் தெரியும். இவ்விரண்டையும் பிரிப்பது முகம்: சோனேட்டாவில் தனித்தனியான இரு வட்டக் கரும்புள்ளிகள்; கரெக்டாவில் அவை குறுக்காக நீண்டு கோடுபோல் நெருங்கியிருக்கும். 1971இல் கபூர் விவரித்த கேரியேயின் இறக்கைப் பட்டை டார்சாலிசைப் போன்றதே; கால் தொடையின் கருந்திட்டுகள்தாம் அதைக் காட்டிக்கொடுக்கும். எனவே முதுகு, விரித்த இறக்கை, முகம், பக்கவாட்டில் கால்கள் என நான்கு கோணப் படங்கள் தேவை.

நிறத்தை மட்டும் நம்புவது தவறு. டார்சாலிசின் மார்பு கருமை முதல் செம்பழுப்பு வரை மாறும். புதிதாக வெளிவந்த ஈயில் நிறம் முற்றியிருக்காது. பதப்படுத்திய மாதிரியில் மஞ்சள் மங்கும். இந்த வேறுபாடுகள் வல்லுநரையும் குழப்பியதற்கு வரலாறே சான்று. 1994இல் ஓர் ஈ பப்பாயே என்றும், ஆப்பிரிக்காவில் பரவிய ஈ 2005இல் இன்வேடென்ஸ் என்றும் தனி இனங்களாக விவரிக்கப்பட்டன. உருவம், மரபணு, இனக்கலப்பு, வேதிச் சான்றுகளை ஒருங்கே ஆராய்ந்த ஷுட்சும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் அவை 1912இல் ஹெண்டல் விவரித்த டார்சாலிசே என நிறுவினர். மாதிரிகளைக் கையில் வைத்திருந்தவர்களே இப்படித் தடுமாறினர் என்றால், ஒற்றைப் படத்தைக் கொண்டு இனத்தை அறுதியிடுவது ஏற்கத்தக்கதன்று.

இதிலிருந்து நடைமுறை தெளிவாகிறது. தாக்குண்ட பழத்தை மணல் பரப்பிய கலத்தில் வைத்து, வெளிவரும் ஈக்களுக்குச் சர்க்கரையும் நீரும் கொடுத்து, சில நாள் நிறம் முற்றவிட்டுப் படமெடுக்க வேண்டும். எந்தப் பழம், எந்தக் கவர்ச்சிப்பொருள், எந்த நாள் என்பவற்றைப் படத்தோடு பதிய வேண்டும். பிரிக்கும் அடையாளம் படத்தில் தெரிந்தால் மட்டுமே இனப்பெயர் இடலாம். தெரியாதபோது, டார்சாலிசை ஒத்த இனங்களைக் குறிக்கும் ‘டார்சாலிஸ் தொகுதி’ என்றோ பேரினப் பெயரோடோ நிறுத்தி, மாதிரியைப் பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் போன்ற வகைப்பாட்டு மையத்துக்கு அனுப்புவதே முறை.