குறிக்கு ஒரு கண்ணாடி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி! - துப்பாக்கி சுடுதல் பழகுபவர்களுக்கு ஒரு கைடு

2022 ஜூலையில் திருச்சி கே.கே.நகர் பக்கம் போனவர்களுக்கு அந்தக் கூட்டம் நினைவிருக்கும். ஆயுதப்படை வளாகத்தில் உள்ள ரைஃபிள் கிளப்பில் 47-வது மாநில துப்பாக்கி சுடும் போட்டி. நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டு, நான்கு தங்கம், இரண்டு வெண்கலப் பதக்கங்களோடு திரும்பினார். 'இதெல்லாம் போலீஸும் ராணுவமும் பண்றது' என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கு, 'நம்ம ஊர்லயே, நாமளும் பழகலாமா!' என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர், சரப்ஜோத் சிங், ஸ்வப்னில் குசாலே ஆகியோர் வாங்கிய பதக்கங்கள் அந்த ஆசைக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றின.

பிள்ளையைச் சேர்த்துவிட்டதும் வீட்டில் ஒரு லிஸ்ட் தயாராகும். ஜாக்கெட், க்ளவுஸ், ஷூ, பெல்லட் டப்பா... கண்ணாடி அந்த லிஸ்ட்டின் கடைசியில் இருக்கும்; சில வீடுகளில் இருக்கவே இருக்காது. 'ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்டிருக்கானே, அது போதாதா?' என்பதுதான் காரணம். போதாது. ஏன் என்று பார்ப்போம்.

முதல் குழப்பம்: எந்தக் கண்ணாடி?

பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு பேரின் படங்கள் உலகம் முழுக்க வைரல் ஆயின. ஒருவர் துருக்கியின் யூசுஃப் டிகேச். சாதாரண டி-ஷர்ட், பாக்கெட்டில் ஒரு கை, முகத்தில் சாதாரண கண்ணாடி. இன்னொருவர் தென்கொரியாவின் கிம் யே-ஜி. ஒரு கண்ணுக்கு முன்னால் சின்ன வட்ட லென்ஸ், இன்னொரு கண்ணுக்கு மறைப்பு என்று சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தில் வருபவர் போலவே இருந்தார். இருவருமே வெள்ளி வென்றார்கள்.

அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு 'அந்தக் கொரியா பொண்ணு போட்ட கண்ணாடி வேணும்' என்று கேட்டால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அது குறி பார்க்க உதவும் கருவி. க்னோப்லோக், சாம்பியன் மாதிரி நிறுவனங்கள் தயாரிக்கும் இந்த ஃப்ரேம்களில் லென்ஸை மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தலாம். கண்மணிக்கு நேராக நிறுத்தலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் மாட்டலாம். ஆனால், கண்ணைச் சுற்றிப் பெரும்பகுதி திறந்தே இருக்கும். லென்ஸ் எந்தப் பொருளில் செய்தது என்பதைப் பொறுத்துத்தான் அதற்குப் பாதுகாப்பு.

ஆக, கடையில் 'ஷூட்டிங் கிளாஸ்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று குறிக்கு, இன்னொன்று கண்ணுக்கு. புதிதாகப் பழகுபவர் முதலில் வாங்க வேண்டியது இரண்டாவதைத்தான். விலையிலும் அதுதான் நமக்குத் தோது. நல்ல சேஃப்டி கண்ணாடி சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும். குறி பார்க்கும் ஃப்ரேம் ஆயிரக்கணக்கில் போகும்.

கண்ணுக்கு என்ன ஆபத்து?

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பயன்படுவது 4.5 மி.மீ. ஈய பெல்லட். குழலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 170 முதல் 180 மீட்டர். ஈயம் மென்மையானது என்பதால் இரும்புத் தகட்டில் பட்டால் பெரும்பாலும் தட்டையாகிக் கீழே விழும். ஆனால், சிதறும் துணுக்கு எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. சில பொம்மை ரகத் துப்பாக்கிகளில் போடும் எஃகு உருண்டை இன்னும் மோசம். கடினமான பரப்பில் பட்டால் அப்படியே திரும்பி வரும்.

இது தவிர, போட்டித் துப்பாக்கிகளின் காற்று சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை காற்று நிரப்புவார்கள். நிரப்பும்போது இணைப்பு சரியாக மாட்டவில்லை என்றால் காற்றும் தூசியும் முகத்தில் அடிக்கும். 25 மீட்டர் பிஸ்டலில் சுட்டதும் வெளியே தெறிக்கும் சூடான பித்தளைக் கூடு, கண்ணாடிக்கும் புருவத்துக்கும் நடுவே விழுந்த கதைகள் எல்லா ரேஞ்சிலும் உண்டு. அதனால்தான் பலர் முன்பக்கம் நீண்ட தொப்பியும் சேர்த்துப் போடுகிறார்கள்.

சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப் புத்தகமும், சுடும்போது எளிதில் நொறுங்காத கண்ணாடி அணியும்படி வீரர்களை வலியுறுத்துகிறது. ஆனால் அது வலியுறுத்தல்தான். போட்டாரா இல்லையா என்று பார்க்க வேண்டியது நாமும் கோச்சும்தான்.

லென்ஸ்: பாலிகார்பனேட்டா, ட்ரைவெக்ஸா?

கண்ணாடிக்கடையில் நமக்கு வழக்கமாகப் போட்டுத் தருவது சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ். அன்றாடத்துக்கு நல்லதுதான், ஆனால், பலமாக அடிபட்டால் உடைந்து துண்டாகலாம். நிஜக் கண்ணாடியில் செய்த பழைய லென்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். ரேஞ்சுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

பாலிகார்பனேட் லென்ஸ் அடிபட்டால் குழியும், கீறும். சில்லுசில்லாகச் சிதறுவது அரிது. விலையும் குறைவு. ஒரே குறை, ஓரங்களில் பார்க்கும்போது லேசாக வண்ணப் பிசிறு தெரியலாம். பவர் அதிகம் உள்ளவர்களுக்கு இது தொந்தரவு. ட்ரைவெக்ஸ் லென்ஸும் அடி தாங்கும்; பார்வைத் தெளிவு இன்னும் நன்றாக இருக்கும்; விலை கூடுதல். பவர் இல்லை என்றால் பாலிகார்பனேட் போதும். பவர் கூடுதலாக இருந்து பட்ஜெட்டும் இடம் கொடுத்தால் ட்ரைவெக்ஸ் கேளுங்கள்.

முத்திரையைப் பாருங்கள்

லென்ஸிலோ காம்பிலோ பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். அமெரிக்கத் தரம் என்றால் 'இசட்87' என்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் பிளஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அதிவேக மோதல் சோதனையில் தேறியதற்கான அடையாளம் அந்த பிளஸ்தான். ஐரோப்பியத் தரம் ஈ.என்.166. அதில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் சின்ன எஃகு உருண்டையைத் தாங்கும் என்று பொருள். 'பி' என்றால் 120 மீட்டர். நம் நாட்டில் கண் பாதுகாப்புக் கருவிகளுக்கான தரம் ஐ.எஸ்.5983.

இந்த எண்களை பெல்லட்டின் வேகத்தோடு வைத்துப் பாருங்கள். சோதனை 45 மீட்டர். பெல்லட் 170 மீட்டருக்கு மேல். அதாவது, இந்தக் கண்ணாடி தெறித்து வரும் துணுக்குக்குத்தான். நேராக வரும் பெல்லட்டைத் தடுக்கும் கவசமாக இதை நினைத்துவிடக் கூடாது. 'கண்ணாடிதான் போட்டிருக்கோமே' என்று சுடுபவருக்கு முன்னால் போய் டார்கெட் அட்டையை மாற்றும் வேலையே வேண்டாம். துப்பாக்கிகள் காலி என்று உறுதியாகி, அனுமதி வந்த பிறகுதான் கோட்டைத் தாண்ட வேண்டும்.

வீட்டில் இருக்கும் பட்டறைக் கண்ணாடி ஆகுமா?

இது திருச்சிக்கே உரிய கேள்வி. பெல் நிறுவனம், ரைஃபிள்கள் தயாராகும் துப்பாக்கித் தொழிற்சாலை, துவாக்குடி பட்டறைகள் என்று யாராவது ஒருவர் வேலை பார்க்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அப்பாவின் பையில் ஒரு சேஃப்டி கண்ணாடி கட்டாயம் இருக்கும். அது ஆகும், ஆனால் மூன்று நிபந்தனை. நிறமில்லாத பாலிகார்பனேட்டாக இருக்க வேண்டும். மேலே சொன்ன முத்திரை இருக்க வேண்டும். கீறல் விழாததாக இருக்க வேண்டும். வெல்டிங்குக்கான கறுப்புக் கண்ணாடி மட்டும் வேண்டவே வேண்டாம். அது வெளிச்சத்தைத் தடுக்கத்தான். அதைப் போட்டால் டார்கெட்டும் தெரியாது.

பவர் உள்ளவர்கள் என்ன செய்வது?

எளிய வழி, பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டும் அகலமான சேஃப்டி கண்ணாடி. பழகும் காலத்துக்கு இது தாராளம். ஆனால், இரண்டு லென்ஸ் வழியாகப் பார்ப்பதால் பிரதிபலிப்பு வரும். வியர்வையில் பனி படரும். தொடர்ந்து சுடப்போகிறோம் என்றால் பவரோடு சேர்ந்த பாலிகார்பனேட் லென்ஸை, சேஃப்டி ஃப்ரேமிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

கடையில் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். ஒன்று, கண்ணிலிருந்து துப்பாக்கியின் முன்முனையில் இருக்கும் குறிக்கு எத்தனை சென்டிமீட்டர் என்ற அளவு. (துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள், இன்ச் டேப் அளவு போதும்!) பிஸ்டல் சுடும்போது முன்குறிதான் பளிச்சென்று தெரிய வேண்டும், டார்கெட் லேசாக மங்கினால் பரவாயில்லை. அதற்காகத் தூரப்பார்வை பவரோடு 0.50 அளவுக்கு பிளஸ் சேர்த்துப் பார்ப்பது வழக்கமான தொடக்கம். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இது பெரிய வித்தியாசம் தரும். ஆனால் கண் மருத்துவரிடம் பரிசோதித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இரண்டு, தலை எப்படி இருக்கும் என்பது. ரைஃபிளில் கன்னத்தைச் சாய்த்துப் பார்ப்பதால், பார்வை லென்ஸின் நடுவே போகாமல் மூக்கை ஒட்டிய மேல்மூலை வழியாகப் போகும். அங்கே பவர் பிசகும். படிக்கவும் தூரம் பார்க்கவும் சேர்ந்தாற்போல் வரும் ப்ரோக்ரஸிவ் லென்ஸ் போட்டுக்கொண்டு சுட்டால், குறி தெரியத் தலையைத் தூக்கித் தூக்கியே கழுத்து வலி வரும். சுடுவதற்கு ஒரே பவர் லென்ஸ்தான் சரி.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களே, அது கவசம் ஆகாது. மேலே சேஃப்டி கண்ணாடி கட்டாயம். பெல்லட் தொட்ட கையில் ஈயம் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

எந்தக் கண் ராஜா?

இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண ஓட்டை விடுங்கள். அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தை இரு கண்ணாலும் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே இருக்கிறதோ, அதுதான் உங்கள் ஆதிக்கக் கண்.

இன்னொரு கண்ணை இறுக்கி மூடிச் சுட்டால் முகம் சீக்கிரம் களைத்துப்போகும். அதற்குப் பதில், சேஃப்டி கண்ணாடியின் அந்தப் பக்க லென்ஸில் மங்கலான வெள்ளை டேப் ஒட்டினால் போதும். கறுப்பு டேப் வேண்டாம். ஒரு கண் இருட்டானால் மற்ற கண்ணின் கண்மணியும் விரிந்து, குறி பிசகும். போட்டி என்றால் ரைஃபிள், பிஸ்டலில் இந்த மறைப்பின் அகலம் 30 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

நிறம்: வெயிலைப் பொறுத்து

உள்ளரங்கில் சுடுபவர்களுக்கு நிறமில்லாத லென்ஸ்தான் முதல் தேர்வு. மேகமூட்டத்தில் திறந்தவெளியில் சுட்டால் மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள் குறியை எடுப்பாகக் காட்டும். திருச்சி வெயிலில் என்றால் சாம்பல் நிறம். கூலிங் கிளாஸ் வகையில் போலரைஸ்டு லென்ஸை வாங்கும் முன் யோசியுங்கள். எலெக்ட்ரானிக் டார்கெட்டின் திரை அதன் வழியே இருட்டாகத் தெரியலாம்.

நிறம் உண்மையிலேயே முக்கியமாவது பறக்கும் மண்தட்டைச் சுடும் ட்ராப் பிரிவில். பக்கத்துப் புதுக்கோட்டை மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 ஒலிம்பிக்கில் பங்கேற்றது இந்தப் பிரிவில்தான். சுமார் 11 செ.மீ. அகலத் தட்டு, வானத்தையோ மரங்களையோ பின்னணியாகக் கொண்டு பறக்கும். பச்சைப் பின்னணியை அடக்கி ஆரஞ்சுத் தட்டைத் தூக்கிக்காட்ட ஊதா கலந்த நிறங்களைப் பலர் பயன்படுத்துவார்கள். உடைந்த தட்டின் துண்டுகள் பறப்பதால், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் கண்ணாடி தேவை.

மாட்டிப் பார்த்து வாங்குங்க

தலையை வேகமாக ஆட்டினாலும் நழுவக் கூடாது. புருவத்துக்கு மேலும் பக்கவாட்டிலும் விரல் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. துப்பாக்கி பிடிக்கும் பாவனையில் கன்னத்தைச் சாய்த்துப் பாருங்கள். ஃப்ரேம் மேலே தள்ளப்படுகிறதா என்று தெரியும். காதுக்கு மஃப் போடுபவர்கள் மெல்லிய காம்பாக வாங்குங்கள். தடித்த காம்பு, மஃப்புக்கும் தலைக்கும் நடுவே சந்து விட்டு, சத்தத்தை உள்ளே விட்டுவிடும்.

காவிரிக் கரை ஊரில் புழுக்கத்துக்குப் பஞ்சமில்லை. பனி படராத கோட்டிங் உள்ளதைக் கேளுங்கள். நெற்றியில் ஒரு வியர்வைப் பட்டை கட்டுங்கள். சட்டை நுனியால் துடைத்தால் பாலிகார்பனேட் கீறிவிடும். தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றுங்கள். தின்னர், பெட்ரோல் பக்கமே வேண்டாம். ஒருமுறை பலமாக அடிபட்ட கண்ணாடி, பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான்.

மொட்டைமாடியும் திருவிழாக் கடையும்

20 ஜூலுக்குள் ஆற்றல் உள்ள .177 ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் பல வீடுகளில் அது மொட்டைமாடிக்கு வந்துவிடுகிறது. செங்கல் சுவர், தகரம், கல் எதையும் பின்னணியாக வைக்காதீர்கள். பெல்லட்டைப் பிடித்துக்கொள்ளும் பெட்டி இல்லாமல் ஒரு ரவைகூட வேண்டாம். ஸ்ரீரங்கம் மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்களில் மாடியில் சுடுவதே தவறு, ரேஞ்சுக்கு வந்துவிடுங்கள்.

சித்திரைத் தேரிலும் ஆடிப்பெருக்கிலும் பலூன் சுடும் கடையைப் பார்த்தால் குழந்தைகள் நகர மாட்டார்கள். சுடட்டும். பலூன் கட்டிய பலகைக்குப் பின்னால் தகரம் இருந்தால் மட்டும் அடுத்த கடைக்குக் கூட்டிப்போங்கள். தம்பி தங்கைகளைத் துப்பாக்கிக்குப் பக்கவாட்டில் நிற்க விடாமல், நன்றாகப் பின்னால் நிறுத்துங்கள். ஒரு சேஃப்டி கண்ணாடி கைப்பையில் இருந்தால் இன்னும் நல்லது.

அடிபட்டுவிட்டால்...

* கண்ணைத் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள்.
* ஏதாவது குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். சொட்டு மருந்து விடாதீர்கள்.
* பேப்பர் கப்பின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணில் படாமல் கவிழ்த்து, டேப்பால் ஒட்டுங்கள்.
* வலி குறைந்துவிட்டது என்று வீட்டுக்குப் போகாதீர்கள். திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, ஜோசப் கண் மருத்துவமனை இரண்டும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. நேராக அங்கே போங்கள்.

ஜாக்கெட்டை ஆறு மாதம் கழித்து வாங்கலாம். துப்பாக்கியைக் கிளப்பில் இரவல் கேட்கலாம். முதல் நாள் ரேஞ்சுக்குள் போகும்போதே சொந்தமாக இருக்க வேண்டியது அந்தச் சில நூறு ரூபாய்க் கண்ணாடிதான்.