கரமஸோவ் சகோதரர்களும் ஃபிராய்டும்

1923-இல் சிக்மண்ட் ஃபிராய்டு மனித மனத்தை இச்சை, தன்னுணர்வு, மனச்சான்று என மூன்றாகப் பகுத்தார். 1880-இல் நிறைவுற்ற தாஸ்தாயெவ்ஸ்கியின் 'கரமஸோவ் சகோதரர்கள்' நாவலில் இம்மூன்றையும் காண்போர் உளர்: வேட்கையால் அலைக்கழியும் திமித்ரி, அறிவால் வாதிடும் இவான், அருள்நெஞ்சினனான அல்யோஷா. ஆயின் தந்தையைக் கொன்றவனோ, மகனென ஏற்கப்படாத பணியாளன் ஸ்மெர்த்யாகோவ். 1928-இல் வெளிவந்த கட்டுரையில் ஃபிராய்டு, கொன்ற கை எவருடையதாயினும் அக்கொலையை உள்ளத்தால் விரும்பியோரும் குற்றவாளிகளே என்றார். இதனை நாம் ஏற்கலாம். ஆனால் ஆசிரியரின் வலிப்பு நோயையும் அவர் உளநோயென ஊகித்தார். தாஸ்தாயெவ்ஸ்கியின் மகன் அல்யோஷா, மூன்று வயது நிறையுமுன்னரே 1878-இல் வலிப்பால் மாண்டான். அப்பிள்ளையின் பெயரே நாவலின் நாயகனுக்கு வாய்த்தது. பாத்திரங்களை அளந்த கோல், படைத்தவரை அளக்கப் போதவில்லை என்றே நாம் கருதுகிறோம்.